மறுமொழிக்கு விட்ட பக்கங்கள்

வியாழக்கிழமை காலையில் நண்டு கழற்றும் பெண்கள் இரண்டு பேரும் வரவில்லை. பாஹிமின் வீட்டுக்கு ஏதோ கெட்டது வந்துவிட்டது என்று முதலில் தெரிந்தது அப்படித்தான்.

குறிஞ்சாக்கேணியில், கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் களப்பை ஒட்டிய கடைசி ஒழுங்கையில் அவருடைய வீடு. நண்டு வலையை இழுத்துத் தோணியில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தால் பாதி வேலைதான் முடிந்தது. மற்றப் பாதி முற்றத்தில் இருக்கிறது. ஒரு கண்ணியில் கால் சிக்கிய கோபத்தில் இன்னும் நாலு கண்ணியை இழுத்து மேலில் சுற்றிக்கொண்டு கிடக்கும் நண்டை, அதன் காலும் முறியாமல் நம் விரலும் போகாமல் எடுக்க வேண்டும். கால் முறிந்த நண்டைக் கொம்பனி லொறிக்காரன் திரும்பியும் பார்க்கமாட்டான். எட்டு மணிக்கு லொறி வரும். அதற்குள் நாலு கை வேண்டும். ஆறு வருடமாக அந்தப் பெண்கள் ஒரு நாள் தவறியதில்லை. சாவீடு என்றால்கூட முதல்நாளே சொல்லிவிடுவார்கள்.

பாஹிமின் மனைவி மைமூனா வேலிக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்று பதில் வந்தது. மற்றவள் வீட்டில் கதவு சாத்தியிருந்தது. குசினிப் பக்கம் புகை எழும்பியது, ஆள் குரல் கொடுக்கவில்லை.

"வீட்டுக்குள்ள இருந்துகொண்டு வாய் திறக்காம இருக்கிறாள்," என்று வந்து சொன்னாள் மைமூனா. "நாம ஆருக்கு என்ன செஞ்ச?"

"காய்ச்சக் காலம்தானே. விடுங்க," என்றார் பாஹிம். தலை நிமிராமல் நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். அவர் பேசுகிற ஆள் இல்லை. மார்கழி மாதம் வந்தால் இன்னும் குறையும். இந்த முறை தாழமுக்கம் வேறு. நாலு நாளாக வாடைக்காற்று களப்பைக் கலக்கிக்கொண்டிருந்தது.

மகள் பஸ்னா எழும்பி வந்து உம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினாள். மலைநாட்டில் உள்ள பல்கலைக்கழகத்தில் அவள் இரண்டாம் வருடம். சோதனைக்குப் படிக்க விடுமுறை விட்டதால் வீட்டுக்கு வந்திருந்தாள். திங்கட்கிழமை முதல் சோதனை. ஞாயிறு விடிய கண்டி பஸ் ஏற வேண்டும். பாடம் மெய்யியல்.

ஊரில் கலைப்பீடத்துக்குப் போகும் பிள்ளைகள் தமிழ், புவியியல், அரபு என்று எதையாவது எடுத்து ரீச்சராகத் திரும்பி வரும். அதுதான் நடைமுறை. மெய்யியலுக்கு ரீச்சர் வேலை உண்டா என்று ஊர் கேட்டது. பாஹிம் அதைக் கேட்கவில்லை. அதில என்ன படிப்பிக்கிறாங்க மகள் என்றுதான் கேட்டார். "கேள்வி கேக்கப் படிப்பிக்கிறாங்க வாப்பா." "அதுக்கு மூணு வருஷமா?" "நாலு வருஷம் வாப்பா." அன்றைக்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததை மைமூனா அயலுக்கெல்லாம் போய்ச் சொன்னாள். அந்த வீட்டில் அது அவ்வளவு அருமையான சங்கதி.

லொறி வந்து போன பிறகு மைமூனாவின் தம்பி இக்ராம் வந்தான். தம்பலகாமத்தில் வயல் செய்கிறவன். யானைக்கு விடிய விடியக் காவலிருந்துவிட்டு, காலில் வயற்சேறு காயாமலே மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான். பள்ளிவாசல் நிர்வாகத்திலும் அவன் ஒரு ஆள்.

"ராத்தா, கேற்றைச் சாத்துங்க," என்றான். பிறகு பஸ்னாவிடம் கைப்பேசியை நீட்டினான். "புள்ள, இது உன்ட எழுத்தா?"

அவளுடைய எழுத்துத்தான். நீல மை. பக்கத்தின் மூலையில் அவளுடைய பெயர், பதிவு இலக்கம் எல்லாம் பளிச்சென்று இருந்தன.

"ஓம் மாமா. இது எப்பிடி உங்கட ஃபோனுக்கு..."

"என்ட ஃபோனுக்கு மட்டுமில்ல. ஊர் முழுக்க இருக்கு. நேத்து இரவுல இருந்து ஆயிரம் பேர் பாத்திட்டான்."

மைமூனா எட்டிப் பார்த்தாள். "என்ன எழுதி இருக்கு? வாசி தம்பி."

"நான் வாசிக்கமாட்டன். அவளையே வாசிக்கச் சொல்லுங்க."

பஸ்னா வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையும் இல்லை, அவளுக்கு அது மனப்பாடம். அதில் இப்படி எழுதியிருந்தது: "என் ஊரில் ஒரு வாப்பா தன் ஆறு வயது மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வெள்ளத்துக்குள் நின்றார். கை வழுக்கியது. பிள்ளை போய்விட்டது. அந்தக் கையை இன்னும் ஒரு நொடி இறுக்கி வைக்க எல்லாம் வல்லவனுக்கு முடியாதா? முடியாது என்றால் அவன் வல்லவன் அல்லன். முடிந்தும் செய்யவில்லை என்றால் அவன் அருளாளன் அல்லன். அப்படி ஒருவன் இருக்கிறான் என்று நான் ஏன் நம்ப வேண்டும்?"

பாஹிம் வலையைக் கீழே வைத்துவிட்டு வந்து கைப்பேசியை வாங்கினார். எட்டாம் வகுப்புப் படித்தவர், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். வாசித்து முடிக்க நேரம் எடுத்தது. மூன்று பேரும் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மகன் நஸ்ரியின் பெயர் அதில் எங்கும் இல்லை. இல்லாவிட்டால் என்ன? களப்புக் கரையில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அது எந்த வாப்பா, எந்த மகன் என்று சொல்லிவிடும். பஸ்னா அப்போது ஒரு வயதுக் குழந்தை, உம்மாவின் இடுப்பில் இருந்தாள். கடல் எழும்பி ஊருக்குள் வந்த அந்தக் காலையைப் பற்றி வீட்டில் வாப்பா ஒரு சொல் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் உம்மா சொல்லித்தான்.

பாஹிம் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"மாமா, இது நான் நம்புறது இல்ல," என்றாள் பஸ்னா. "எங்கட சேர் இப்பிடித்தான் எழுதச் சொல்லுவார். முதல்ல எதிராளிட வாதத்தை எழுதணும். அவங்க சொல்றாங்க எண்டு எழுத ஏலாது. நான் சொல்றன் எண்டுதான் எழுதணும். எதிராளி பாத்தா, இதைவிட நல்லா எனக்கே சொல்ல வராது எண்டு கையெழுத்து வைக்கணும். அதுக்குப் பிறகுதான் நாங்க மறுக்கத் தொடங்கிற. என்னோட படிக்கிற ஜெஸ்மின் குப்பி வகுப்புக்கு நோட்ஸ் கேட்டா. அதுக்குத்தான் ஃபோட்டோ அனுப்பினனான்."

குப்பி என்றால், விளங்கினவர்கள் விளங்காதவர்களுக்குச் சோதனைக்கு முன் சொல்லிக்கொடுப்பது. கம்பஸ் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஊருக்கு எங்கே தெரியும்? மெய்யியல் படிக்கிறவள் அல்லாஹ் இல்லை என்று கையெழுத்தில் எழுதியிருக்கிறாள் என்பதுதான் ஊருக்குத் தெரிந்தது. எதிராளியை முதலில் பேசவிடும் அந்த முறையில் பிழை ஒன்றும் இல்லை. பஸ்னா செய்த பிழை உதாரணத்தில்தான். மற்றப் பிள்ளைகள் புத்தகத்தில் இருந்து எடுத்தார்கள், அவள் வீட்டில் இருந்து எடுத்துவிட்டாள்.

"அப்ப மறுமொழி எங்க?" என்று கேட்டான் இக்ராம். "அதையும் ஃபோட்டோ புடி. இப்பவே குரூப்ல போடுறன். வாயெல்லாம் மூடும்."

அவள் உம்மாவைப் பார்த்தாள். உம்மாவின் கண்கள் பயத்தில் அகன்று போயிருந்தன. கொப்பியில் 'மறுமொழி' என்று தலைப்பு இருந்தது. அடியில் இரண்டு கோடு இழுத்து, அதற்கென்று மூன்று பக்கம் விட்டிருந்தாள். ஒரு வரியும் எழுதவில்லை.

"இருக்கு மாமா," என்றாள். "கொப்பியில இருக்கு. நல்லா எழுதித் தாறன்."

பயத்தில் வந்த பொய். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

இக்ராம் மூச்சு விட்டான். "அப்ப நாளைக்குக் கொண்டு வா. பள்ளித் தலைவர் நிப்றாஸ் ஹாஜியார் உன்னையும் வாப்பாவையும் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஒஃபிசுக்குக் கூப்பிட்டிருக்கிறார். மச்சான், நான் மறைக்கல்ல, கேளுங்க. மறுமொழி இல்லாட்டி அவளக் கம்பஸுக்கு அனுப்ப வாணாம் எண்டு சொல்லப் போறாங்க. மிஞ்சி அனுப்பினா அடுத்த ஜும்ஆவுக்குப் பேரைச் சொல்லி அறிவிப்பாங்க. ஹாஜியாரும் கெட்ட மனிசன் இல்ல. அவருக்கும் பயம். ஊருக்குள்ள ஒரு பிரச்சினை எண்டா நாளைக்குச் சீஐடி வந்து நிப்பான். பொடியன்கள் வேற கொதிச்சுக்கொண்டு நிக்கிறாங்க. அவங்களக் கட்டுப்படுத்த எங்களுக்கு ஏலாது."

அவன் போன பிறகு மைமூனா குசினிக் கதவைப் பூட்டினாள், முன்கதவைப் பூட்டினாள், யன்னலையும் சாத்தினாள். பகல் பதினொரு மணிக்கு வீடு இருண்டுபோய்க் கிடந்தது.

பஸ்னா மேசையில் கொப்பியை விரித்தாள். மறுமொழிகள் இல்லாமல் இல்லை. பெரிய ஆட்கள் எழுதிய மறுமொழிகள் நாலு அவளுக்கே தெரியும். இறைவன் வைக்கும் சோதனை, மறுமைக் கூலி, மனிதனுக்குக் கொடுத்த சுயவிருப்பம், நம் அறிவுக்கு எட்டாத நோக்கம். எந்த ஒன்றையும் இரண்டு பக்கத்துக்கு எழுதிப் புள்ளி வாங்க அவளால் முடியும். ஆனால் சேர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். யாருடைய இழப்பை உதாரணமாக எடுத்தீர்களோ, அவருடைய முகத்துக்கு நேரே நின்று சொல்ல முடியாத மறுமொழியை எழுதாதீர்கள் என்று.

'இது ஒரு சோதனை' என்று எழுதினாள். யாருக்கு? வாப்பாவுக்கா? வாப்பாவைச் சோதிக்க நஸ்ரி நானாவின் உயிரா? வெட்டினாள். 'மனிதனின் சுயவிருப்பம்' என்று எழுதினாள். கடலுக்கு ஏது சுயவிருப்பம் என்று மனம் கேட்டது. அதையும் வெட்டினாள். ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு முற்றத்தைப் பார்த்தாள். வாப்பா மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கிழிந்த வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த வரியை அவரிடம் போய் வாயால் சொல்லலாமா என்று நினைப்பாள். பேனை தானாக வெட்டிவிடும்.

பின்னேரம் ஒரு மோட்டார் சைக்கிள் கேற்றுக்கு முன்னால் வந்து நின்றது. எஞ்சின் நிற்கவில்லை, ஆள் கூப்பிடவும் இல்லை. நீளமாக ஒரு ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வந்து அடித்தது. மைமூனா மகளின் தலையைத் தன் மடிக்குள் இழுத்து வைத்துக்கொண்டு ஓதத் தொடங்கினாள். பஸ்னாவின் கைப்பேசிக்குத் தெரியாத இலக்கத்தில் இருந்து ஒரு செய்தி வந்திருந்தது: 'கம்பஸ் பஸ்ல ஏறிப் பாரு.' அவள் அதை உம்மாவுக்குக் காட்டாமல் அழித்தாள். அழித்த பிறகும் அந்த நாலு சொல்லும் கண்ணுக்குள் நின்றன.

ஜெஸ்மின் அழைத்து அழுதாள். "நான் பட்ச் குரூப்புக்கு மட்டும்தான் போட்டனான் பஸ்னா. அதுல இருந்து ஆர் எடுத்து அனுப்பின எண்டு சத்தியமாத் தெரியாது. ஏன் நீ மறுமொழிய அனுப்பல்ல?"

"எழுதல்ல."

"இப்ப எழுதன்! எங்கட அறிவுக்கு எட்டாது எண்டு வாற கடைசி மறுமொழிய எழுது, ஆர் பாக்கப் போறாங்க?"

"வாப்பா பாப்பார்," என்றாள் பஸ்னா.

வெள்ளிக்கிழமை பாஹிம் ஜும்ஆவுக்குப் போய் வந்தார். வழக்கமாகத் தொழுது முடிந்தால் பள்ளி வாசலில் நாலு பேர் கை கொடுப்பார்கள், காற்றைப் பற்றியும் நண்டைப் பற்றியும் கதை நடக்கும். அன்று அவர் செருப்பை மாட்டும்போது பக்கத்தில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. மைமூனா நண்டுக்கறியும் கீரைச் சொதியும் வைத்திருந்தாள். மூன்று பேரும் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தார்கள். நண்டை ஒருவரும் தொடவில்லை. ஓட்டை உடைக்கும் சத்தம்கூடக் கேற்றுக்கு வெளியே கேட்குமோ என்று பயந்தவர்கள் போல வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

பஸ்னா கை கழுவிவிட்டு வந்தபோது மேசையில் கொப்பி இல்லை.

பாஹிம் குசினியில் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். கொப்பி அவருடைய கையில் இருந்தது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எதிராளியின் வாதத்தை ஒரு முறை வாசித்தார், திரும்பவும் வாசித்தார். 'மறுமொழி' என்ற தலைப்புக்கு வந்தார். அதற்குக் கீழே வெட்டும் குத்துமாக இருந்த வரிகளில் விரலை வைத்துப் பார்த்தார். அடுத்த பக்கம் வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை. பிறகு கொப்பியை இரண்டாகக் கிழித்து அடுப்புக்குள் வைத்தார். ஈர விறகு, உடனே பிடிக்கவில்லை. ஊதினார்.

"வாப்பா!"

"முகத்தக் கழுவிக்கொண்டு வாங்க மகள். அசருக்கு நேரமாகுது."

"இனி என்னத்தக் காட்டுற? கொப்பி எங்க எண்டு கேட்டா என்ன சொல்ற?"

அவர் அடுப்பைத் திரும்பவும் ஊதினார். கடைசித் தாள் கருகிச் சுருளும்வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் எழும்பினார்.

பள்ளி ஒஃபிஸ் சின்ன அறை. ஒரு அலுமாரி, ஒரு மேசை, ஆறு கதிரை. நிப்றாஸ் ஹாஜியார் நடுவில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் மௌலவி, ஊருக்குப் புதியவர், வயது முப்பதுக்குள்தான் இருக்கும். இக்ராம் சுவரோடு நின்றான். யன்னலுக்கு வெளியே பொடியன்கள் பத்துப் பதினைந்து பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள் போல நின்றார்கள். மழை அப்போது பெய்யவில்லை. அவர்களைத் தாண்டி உள்ளே வரும்போது பஸ்னா வாப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு புள்ள," என்றார் ஹாஜியார். "பயப்படாத. நீ பிறந்த நேரம் நாங்க எல்லாம் இனிப்புச் சாப்பிட்ட ஆக்கள்தான். ஆனா ஒண்டு கேக்கிறன். அந்தக் காலையில என்ட வீட்டில மூணு ஜனாஸா. உனக்குத் தெரியும்தானே? நான் ஒரு நாளும் அப்பிடிக் கேட்டதில்ல. நீ கேட்டிருக்கிறாய்."

"அது எதிர்வாதம் ஹாஜியார். எங்கட பாடத்தில..."

"இக்ராம் சொன்னார். மறுமொழி இருக்கு எண்டும் சொன்னார். கொப்பியத் தா. மௌலவி வாசிக்கட்டும்."

பஸ்னா தன் வெறும் கையைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் நேற்று இக்ராம் மாமாவுக்குச் சொன்னது பொய்யாகும். பொய் சொன்னவளின் விளக்கத்தை இனி யார் நம்புவார்கள்? படிப்பு முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

பாஹிம் எழும்பி நின்றார். "கொப்பி இல்ல ஹாஜியார். நான் எரிச்சிட்டன்."

இக்ராம் தலையில் கை வைத்தான். யன்னல் பக்கம் சலசலப்பு எழுந்தது.

"எரிச்சீங்களா? ஏன்?"

"பயத்துல எரிச்சன். ஆரும் வந்து வீட்டத் தேடினா எண்டு பயம்."

"அப்ப மறுமொழியும் போச்சா?"

"ஓம். அதுவும் அதுலதான் இருந்த. ரெண்டு பக்கம்."

"நீங்க கண்டனீங்களா?"

"வாசிச்சனான்."

ஹாஜியார் அவரை உற்றுப் பார்த்தார். "பாஹிம், இது மகள்ட விசயம். பெத்த மனம் எதையும் சொல்லும். அல்லாஹ்வை முன்னிறுத்திச் சொல்லுவீங்களா?"

"வல்லாஹி," என்றார் பாஹிம். "வாசிச்சனான்."

அல்லாஹ்வின் மீது ஆணையிடும் அந்தச் சொல்லை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. நண்டு இன்றைக்குப் பிடித்ததா நேற்றுப் பிடித்ததா என்று லொறிக்காரன் சந்தேகப்பட்டபோதுகூட, நம்பினால் ஏற்று, இல்லாவிட்டால் விடு என்று வலையை உதறிக்கொண்டு போன மனிதர். பொய்யாக அந்தச் சொல்லைச் சொன்னால் என்ன ஆகும் என்று சின்ன வயதில் பஸ்னாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அவள் பொடியன்களுக்குப் பயந்தது போய் இப்போது வாப்பாவை நினைத்துப் பயந்தாள்.

மௌலவி முதல் தடவையாக வாயைத் திறந்தார். மெல்லிய குரல். "அப்ப என்ன எழுதி இருந்தா எண்டு சொல்லுங்களன் நானா. எனக்கும் ஆசையா இருக்கு."

இனி ஒளிக்க இடமில்லை என்று பஸ்னாவுக்குத் தெரிந்தது. அவள் படித்த நாலு மறுமொழியில் ஒன்றுகூட வாப்பாவுக்குத் தெரியாது. ஏதாவது ஒன்றை அவருடைய காதுக்குள் சொல்லிவிட முடிந்தால் என்ற வெறி வந்தது.

பாஹிம் தன் வலது கையை விரித்து ஒரு முறை பார்த்தார்.

"எனக்கு முழுக்கச் சொல்ல வராது மௌலவி. படிச்ச ஆக்கள்ற எழுத்து. ஒரு இடம் மட்டும் மனசில நிக்குது. அந்த வாப்பாட கைக்கு எவ்வளவு பலம் குடுத்தானோ அவ்வளவுக்குத்தான் அல்லாஹ் கணக்குக் கேப்பான் எண்டு எழுதி இருந்தா. அந்தக் கை தன்னால ஏலுமான அவ்வளவையும் செஞ்ச. மிச்சத்துக்கு அந்தக் கையில பிழை இல்ல. புள்ள எங்க போனானோ அங்க அவனுக்கு இது தெரியும். அவன் வாப்பாவோட கோவமா இல்ல." அவர் நிறுத்தினார். "அப்பிடித்தான் எழுதி இருந்தா. அதை வாசிச்ச பிறகு எனக்கு வேற மறுமொழி தேவைப்படல்ல."

நிப்றாஸ் ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார், திரும்ப எடுத்துப் போட்டார். கண்ணைத் துடைக்கவில்லை. கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. மூன்று ஜனாஸா அடக்கிய மனிதர்.

"மார்க்கமும் அதைத்தான் சொல்லுது," என்றார் மௌலவி. "எந்த உயிரையும் அதுட சக்திக்கு மேல கேக்கிறதில்ல. நல்லாத்தான் படிச்சிருக்கிறா."

அதன் பிறகு கதை நீளவில்லை. பிள்ளை போய்ச் சோதனை எழுதட்டும், மறுமொழியைப் பற்றி இக்ராம் குரூப்பில் போடட்டும் என்று முடிவானது. ஹாஜியார் எழும்பி யன்னல் பக்கம் போய், "வீட்டுக்குப் போங்கடா, இஞ்ச ஒண்டும் இல்ல," என்று சத்தம் போட்டார். அவர்கள் கலைந்தார்கள். எல்லோரும் போகவில்லை, பாதிப் பேர் போனார்கள். வாசல்வரை வந்த ஹாஜியார் பஸ்னாவிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"அந்த மறுமொழியத் திரும்ப எழுது புள்ள. எழுதி எனக்கு அனுப்பு. நானும் வாசிக்கணும்."

"ஓம்," என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்?

வீட்டுக்குக் களப்புக் கரையால் நடந்தார்கள். தூறல் தொடங்கியிருந்தது. தோணிகளை மேலே இழுத்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பின்னால் யாரும் வருகிறார்களா என்று பஸ்னா இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் வரவில்லை.

"வாப்பா," என்றாள். "நீங்க சொன்ன ஒண்டும் கொப்பியில இல்லயே."

"தெரியும் மகள். வெத்துக் கடதாசிதான். எல்லாப் பக்கத்தையும் பாத்துட்டுத்தான் நெருப்புல வச்சனான்."

"பொய்ச் சத்தியம் பண்ணிட்டீங்களே வாப்பா. எனக்காக."

"அதை நானும் அல்லாஹ்வும் பாத்துக்கொள்ளுவம்."

கவிழ்ந்த தோணிகளைத் தாண்டி நடந்தார்கள். நாலு பெரிய மறுமொழியையும் வெட்டிய பேனை இதை வெட்டாது. எந்த முகத்துக்கு நேரே சொல்ல வேண்டுமோ அந்த முகமே சொன்ன மறுமொழி இது. நெஞ்சுக்குள் மகிழ்ச்சி என்று சொல்லத்தக்க ஒன்று எட்டிப் பார்த்தது.

"வாப்பா, நீங்க சொன்னதையே நான் எழுதுறன். அதுல ஒரு சொல்லும் மாத்தமாட்டன். அப்ப உங்கட சத்தியமும் பொய்யாகாது."

பாஹிம் நின்றுவிட்டார்.

"அதை எழுத ஏலாது மகள்."

"ஏன்?"

"எதிராளிட பக்கத்தில நீங்க எழுதினதுல ஒரு பிழை இருக்கு. கை வழுக்கினது எண்டு எழுதி இருக்கிறீங்க."

"உம்மா அப்பிடித்தான் சொன்னா."

"உம்மாக்கு நான் அப்பிடித்தான் சொன்னனான்." அவர் அவளைப் பார்க்கவில்லை, களப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ரெண்டாவது தண்ணி வந்த நேரம் நான் தென்னைய ஒரு கையால புடிச்சிருந்தன். மத்தக் கையில நஸ்ரி. உம்மாவும் நீங்களும் எனக்கு முன்னால அள்ளுப்பட்டுப் போனீங்க. உம்மாட கண்ணு மூடி இருந்த. உங்கள அவ விடல்ல, நெஞ்சோட வச்சிருந்தா. எட்டினாப் புடிக்கலாம். புடிக்கிறதுக்கு எனக்கு ஒரு கை வேணும்."

தூறல் அவருடைய முகத்தில் விழுந்தது. துடைக்கவில்லை.

"வழுக்கல்ல மகள். விட்டனான். அவன் என்ட விரலப் புடிச்சுக்கொண்டுதான் இருந்தான். நான்தான் கையக் கழட்டினனான்."

அலை வந்த நாளில் பஸ்னாவுக்கு ஒரு வயது. அதன் பிறகு கிடைத்த இருபது வருடமும், படிப்பும், பாடமும், அந்த நீல மை வரிகளும் எங்கிருந்து வந்தன என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. வாப்பாவைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. தொடவும் பயமாக இருந்தது. அவர் கையைக் கழற்றியது தன்னைப் பிடிக்கத்தான். அதில் பிழை இல்லை என்று அவள் எப்படிச் சொல்வாள்? பிழை என்றுதான் எப்படிச் சொல்வாள்? எதைச் சொன்னாலும் அது நானாவுக்குக் கேட்கும் போல இருந்தது.

"கம்பஸுக்குப் போங்க," என்றார் பாஹிம். "நாலு வருஷமும் இருந்து படிங்க. இதையும் சேத்து வச்சு மறுமொழி எழுதுங்க. கெதியா வேணாம். எனக்கு ஆறுதலுக்கு எழுத வேணாம். மெய்யா இருந்தா மட்டும் எழுதுங்க. நான் ஹயாத்தோட, உசிரோட இருந்தா வாசிக்கிறன்." நடக்கத் தொடங்கிவிட்டு மறுபடியும் நின்றார். "உம்மாக்குக் காட்டாதீங்க. அவக்குத் தெரியாது."

மைமூனா கேற்றைத் திறந்துகொண்டு முக்காடு நனைய ஒழுங்கையிலேயே நின்றாள். தூரத்திலேயே கேட்டாள். "என்ன சொன்னாங்க? போகலாமாமா?"

"போகச் சொல்லிட்டாங்க," என்றார் பாஹிம். "தேத்தண்ணி ஊத்துங்க."

மைமூனா அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஓடி வந்து மகளின் இரண்டு கையையும் பிடித்தாள். பிடித்தவள் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாம் முடிஞ்சுதே புள்ள. இன்னும் ஏன் கை இப்பிடி நடுங்குது?"

"மழையில நனைஞ்சது உம்மா," என்றாள் பஸ்னா.